பல மையங்கள் கொண்ட நகரம்: சென்னையை வைத்து ஓர் எளிய விளக்கம்

வேலைநாள் ஒன்றில் காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். கடற்கரைப் பக்கம் போகும் மின்சார ரயில் பிதுங்கி வழியும். அது ஊரறிந்த சங்கதி. எதிர்த் திசையில் செங்கல்பட்டுக்குப் போகும் ரயிலிலும் நல்ல கூட்டம் இருக்கும். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் இறங்குவார்கள். மறைமலைநகரிலும் சிங்கப்பெருமாள்கோவிலிலும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். பரனூரில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டிக்காரர்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. சாலை என்ற தெற்கு நெடுஞ்சாலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள். கிழக்கே திரும்பினால் மேடவாக்கம் வழியாக ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) போகும் மாநகரப் பேருந்துகள்.

ஊர் ஒன்றுதான், போகிற திசை ஒன்றில்லை. வேலை ஓரிடத்தில் குவியாமல் பல இடங்களில் குவிந்து, அவற்றுக்கு இடையே ஆட்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வருகிற பரப்பைத்தான் நகர ஆய்வாளர்கள் 'பல்மைய நகரப் பகுதி' என்கிறார்கள். பெயர் கொஞ்சம் கனம், விஷயம் நாம் தினமும் அனுபவிப்பதுதான். அது எப்படி உருவாகிறது, எப்படி அளக்கிறார்கள், புது மையம் வந்த பிறகும் நம் பயண நேரம் ஏன் குறையவில்லை என்பதைச் சென்னையை வைத்தே பார்க்கலாம்.

எல்லாச் சாலையும் பாரிமுனைக்குப் போன காலம்

முதலில் ஒற்றை மைய நகரம் என்றால் என்ன என்று பார்ப்போம். பழைய சென்னை அப்படித்தான் இருந்தது. கோட்டை, அதையடுத்துத் துறைமுகம், பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுனின் மொத்த வியாபாரத் தெருக்கள், 1892 முதல் உயர் நீதிமன்றக் கட்டடம், வங்கிகள், அப்புறம் மவுண்ட் ரோடு. வேலை என்றாலே பெரும்பாலும் இந்தச் சில சதுர கிலோமீட்டர்தான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்புகள் பெருகின. காலையில் கூட்டம் வடக்கே போகும், மாலையில் தெற்கே திரும்பும். வண்டிச் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்கள் போய்ச் சேர்வது போல எல்லா வழியும் ஒரு புள்ளிக்குப் போனது.

இதற்குப் பொருளாதாரக்காரர்கள் சொல்லும் விளக்கம் எளிது. மையத்துக்குப் பக்கத்தில் இடம் குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம், அதனால் வாடகை ஏறும். தள்ளிப் போகப் போக வாடகை குறையும், போக்குவரத்துச் செலவும் நேரமும் கூடும். ஒவ்வொரு குடும்பமும் இந்த இரண்டையும் கூட்டிக் கழித்து எங்கே குடியிருப்பது என்று முடிவு செய்கிறது. 1960களில் வில்லியம் அலோன்சோ இந்தக் கணக்கை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார். கணக்கு இன்றும் சரிதான். நகரத்துக்கு ஒரே ஒரு மையம் என்ற அதன் அடிப்படைதான் ஆட்டம் கண்டுவிட்டது.

அது எப்படி ஆட்டம் காணும் என்பதை 1945லேயே இரண்டு அமெரிக்கப் புவியியலாளர்கள் எழுதிவிட்டார்கள். சான்சி ஹாரிஸ், எட்வர்ட் உல்மன் என்பவர்கள் அவர்கள். ஒரு நகரத்துக்குப் பல கருக்கள், அதாவது மையங்கள், உருவாக அவர்கள் நான்கு காரணங்கள் சொன்னார்கள். நான்குக்கும் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது.

சில தொழில்களுக்குத் தனி வசதி வேண்டும் என்பது முதல் காரணம். கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும், கார் ஆலைக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் சமதரை வேண்டும். 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் ஆலையை மயிலாப்பூரில் கட்டியிருக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில்தான் கட்ட முடிந்தது, ஏனென்றால் அங்கே நிலமும் இருந்தது, பெங்களூரு நெடுஞ்சாலையும் இருந்தது. இரண்டாவது, ஒரே மாதிரித் தொழில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டுக்கும் லாபம். கார் ஆலை வந்ததும் இருக்கை செய்கிறவர், கண்ணாடி செய்கிறவர், ஒயர் செய்கிறவர் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். பயிற்சி பெற்ற ஆட்களும் அங்கேயே கிடைத்தார்கள். அதனால் 2010இல் ரெனோ-நிசான் ஒரகடத்துக்கு வந்தது. மென்பொருளிலும் இதே கதைதான். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதைத் தொட்டுத் தெற்கே பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று ஓ.எம்.ஆர். முழுக்க நீண்டது.

மூன்றாவது காரணம், சில தொழில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. லாரியும் குடியிருப்பும், புகையும் பள்ளிக்கூடமும் ஒரே தெருவில் இருக்க முடியாது. நான்காவது, மைய இடத்தின் வாடகையைக் கொடுக்கச் சிலருக்குக் கட்டுப்படியாகாது. ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனதை இந்த இரண்டு காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். காய்கறி லாரிகள் நுழைய முடியாத குறுகிய தெருக்கள், விரிவாக்க இடமே இல்லாத நெருக்கடி. சந்தை போன இடத்துக்கு 2002இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் போனது. கோயம்பேடு ஒரு மையமாகிவிட்டது.

ஹாரிஸும் உல்மனும் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத ஐந்தாவது காரணம் ஒன்றும் இங்கே உண்டு. அது அரசு. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை, அதன் பிறகு அம்பத்தூர், சிப்காட் என்ற அரசு நிறுவனத்தின் தொழில் வளாகங்கள், மறைமலைநகர் என்ற திட்டமிட்ட புதுநகர். சென்னையின் பெரும்பாலான மையங்கள் சந்தை தானாக முளைக்க வைத்தவை அல்ல. யாரோ கோப்பில் கையெழுத்துப் போட்டு நிலம் எடுத்துக் கொடுத்தவை. இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. தொழிற்சாலைக்கு நிலம் ஒதுக்க முடிந்த கை, அதில் வேலை செய்கிறவர்களின் வீட்டுக்கும் நிலம் ஒதுக்கியிருக்க முடியும்.

பிரிந்து வந்தவை, சேர்ந்து வந்தவை

பல்மையப் பகுதிகள் இரண்டு வழிகளில் உருவாகின்றன. சென்னை மாதிரி ஒரு பெரிய நகரம் வளர்ந்து, வெளியே புது மையங்களைப் பெறுவது ஒரு வழி. தனித்தனியாக இருந்த பல ஊர்கள் வளர்ந்து வளர்ந்து ஒரே பகுதியாகச் செயல்படத் தொடங்குவது இன்னொரு வழி.

இரண்டாவதற்கு உலகம் முழுக்கக் காட்டுகிற உதாரணம் நெதர்லாந்தின் ராண்ட்ஸ்டாட். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக், உட்ரெக்ட் என்ற நான்கு நகரங்கள் ஒரு வளையம் போல இருக்கின்றன. நடுவில் 'பச்சை இதயம்' என்று பெயர் வைத்துக் காப்பாற்றி வரும் வயல்வெளி. நான்கில் எதுவும் மற்றவற்றை விழுங்கும் அளவுக்குப் பெரிதில்லை. துறைமுகம் ராட்டர்டாமில், அரசாங்கம் தி ஹேக்கில், வங்கியும் வணிகமும் ஆம்ஸ்டர்டாமில், ரயில்கள் சந்திக்கும் இடம் உட்ரெக்டில். ஓர் ஊரில் குடியிருந்து இன்னோர் ஊரில் வேலை பார்ப்பது அங்கே சர்வ சாதாரணம். ஜெர்மனியின் ரூர் பகுதியும் இப்படித்தான். நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றித் தனித்தனியே வளர்ந்த எஸ்ஸன், டார்ட்முண்ட், டூயிஸ்பர்க், போக்கும் எல்லாம் சேர்ந்து இன்று ஐம்பது லட்சம் பேர் வாழும் ஒரே பரப்பு.

நம் பக்கத்தில் இந்த வகைக்கு நெருங்கி வருவது கொங்கு. கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே சுமார் 50 கி.மீ. பம்பு செட், வார்ப்படம், நூற்பாலை, மருத்துவமனைகள், கல்லூரிகள் எல்லாம் கோவையில். பின்னலாடை திருப்பூரில். இரண்டும் தனித்தனிச் சந்தை, தனித்தனிப் பெருமை. ஆனால் காலை ரயிலிலும் பேருந்திலும் இரண்டு திசையிலும் வேலைக்காரர்கள் போகிறார்கள்.

பக்கத்தில் பக்கத்தில் நான்கு ஊர்கள் இருப்பதாலேயே அது பல்மையப் பகுதி ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரைபடத்தில் புள்ளிகள் பல இருப்பது ஒன்று, அந்தப் புள்ளிகளுக்கு இடையே ஆட்கள் உண்மையிலேயே போய்வருவது வேறொன்று. முதலாவதை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்க ஆட்களைக் கேட்க வேண்டும்.

எல்லையை எப்படி வரைகிறார்கள்?

மாநகராட்சி எல்லை என்பது சட்டம் போட்ட கோடு. வேலைக்குப் போகிறவர் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. அதனால் பல நாடுகள் பயணத்தை வைத்தே நகரப் பகுதியை வரையறுக்கின்றன.

அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) குடியிருந்து வேலைக்குப் போகிறவர்களில் குறைந்தது 25 சதவீதம் பேர் மையக் கவுண்டிக்கு வேலைக்குப் போனால், அதையும் அந்தப் பெருநகரப் பகுதியோடு சேர்த்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் பயன்படுத்தும் வரையறைக்கு 15 சதவீதம் போதும். ஜப்பானில் ஆய்வாளர்கள் கையாளும் ஒரு வரையறையில் 10 சதவீதம். பிரிட்டனில் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு வட்டாரத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குள்ளேயே வேலை பார்க்கிறார்களா, அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குள்ளேயே குடியிருக்கிறார்களா என்று பார்த்து எல்லை போடுவார்கள். இந்தக் கணக்குக்கெல்லாம் தேவையானது ஒரு அட்டவணைதான். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று காட்டும் அட்டவணை.

இந்தியாவில் 'நகரத் திரள்' என்ற கணக்கு, கட்டடங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்பதைப் பார்க்கிறது. பயணத்தைப் பார்ப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயம், வீட்டுத்தொழில் அல்லாத வேலைகளில் இருப்பவர்களிடம், வேலையிடம் எத்தனை கிலோமீட்டர், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அது நல்ல தொடக்கம். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. தூரம் தெரியும், திசை தெரியாது. திசை தெரியாமல் பேருந்துத் தடத்தையும் ரயில் பாதையையும் திட்டமிடுவது இருட்டில் துழாவுவதுதான். இந்த ஒரு கேள்வியைச் சேர்த்தாலே பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம்.

நிர்வாக எல்லையும் மெதுவாகத்தான் நகர்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி நீண்ட காலம் 1,189 சதுர கி.மீ. ஆகவே இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கி.மீ. ஆக விரித்து அறிவித்தார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ஊர்கள் பெருநகரத்துக்குள் வந்தன. கம்பெனி பஸ்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன. ராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணத்துக்கும் அதைத் தாண்டியும் போய் ஆள் ஏற்றிவருகின்றன.

புது மையம் வந்தும் பயணம் ஏன் குறையவில்லை?

எல்லோருக்கும் வரும் கேள்வி இது. வேலை நகரத்தின் நடுவிலிருந்து வெளியே வந்துவிட்டால், வெளியே குடியிருப்பவர்களுக்குத் தூரம் குறைய வேண்டாமா?

ஆய்வாளர்களும் இப்படித்தான் எதிர்பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலஸை வைத்துச் சிலர் 1980களிலும் 90களிலும் இதையே வாதாடினார்கள். வேலையும் வீடும் ஒன்றையொன்று தேடி நகரும், அதனால் பல மையங்கள் வந்தால் பயண நேரம் கட்டுக்குள் இருக்கும் என்றார்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 1980 முதல் 1990 வரையிலான தரவைப் பார்த்த வேறு ஆய்வாளர்களுக்கு எதிர்மறையான விடை கிடைத்தது. புறநகர் வேலை மையங்கள் வளர்ந்த அதே பத்தாண்டில் சராசரிப் பயண தூரமும் நேரமும் கூடியிருந்தன. வேலை நகர்ந்தது, அதன் பக்கத்தில் அந்தச் சம்பளத்துக்கு ஏற்ற வீடு நகரவில்லை.

நம் ஊரில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவருக்கு ஒரகடத்தில் ஆலை வேலை. மனைவிக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. ஒருவர் வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் மற்றவருக்கு வெகுதூரம். பிள்ளை படிக்கும் பள்ளி தாம்பரத்தில், மாமியாருக்கு மாதா மாதம் காட்டும் மருத்துவரும் அங்கேதான். கடைசியில் வண்டலூர் பக்கம் வீடு எடுக்கிறார்கள். கணவர் மேற்கே போகிறார், மனைவி கிழக்கே கேளம்பாக்கம் சாலையில் போகிறார். ஒற்றை மையக் காலத்தில் இருவருக்கும் வேலை பாரிமுனைப் பக்கம் இருந்திருந்தால் ஒரே ரயிலில் போயிருக்கலாம். மையங்கள் கூடக் கூட, இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டுக்குச் சரியான இடம் என்று ஒன்று இல்லாமல் போகிறது.

வேலையும் நிலையாக இருப்பதில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆலையை நம்பி வாங்கிய வீட்டை ஆலை மூடியதும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் மக்கள் வேலைக்குப் பக்கத்தில் குடியேறத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது.

இன்னொரு தடையும் இருக்கிறது. வீடு காலியாக இருந்தாலும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. தனியாக இருக்கும் பெண்ணா, என்ன சாதி, என்ன மதம், கறி சமைப்பீர்களா என்ற கேள்விகளைத் தாண்டித்தான் சாவி கைக்கு வரும். பொருளாதாரச் சமன்பாட்டில் இதற்கு இடமே இல்லை, வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் இது தெரியும். இளம் பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளில் நீண்ட காலம் கம்பெனி பஸ்ஸும் நெருக்கடியான தனியார் விடுதிகளும்தான் வழியாக இருந்தன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் உடல்நலம் கெட்டபோது, அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் முக்கியமாக ஃபாக்ஸ்கான் ஊழியர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை அரசு திறந்தது. தேவையான காரியம். ஆனால் விடுதி என்பது சில வருடங்கள் தங்குவதற்கு. குடும்பம் நடத்த வீடு வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கதை கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் நடந்தது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அந்தக் குடும்பங்களை ஓ.எம்.ஆர். பக்கம் கட்டிய அடுக்ககங்களுக்கு அனுப்பினார்கள். ஓ.எம்.ஆர். பெரிய வேலை மையம்தான். இவர்களின் வேலை அங்கே இல்லை. வீட்டு வேலை, சுமை தூக்குதல், பூ விற்பது, மீன் விற்பது எல்லாம் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் பாரிமுனையிலும் இருந்தன. நடந்து போன வேலைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டியதாயிற்று. பல பெண்கள் வேலையையே விட்டார்கள். கணினிப் பொறியாளர் நகரத்திலிருந்து தெற்கே வருகிறார், வீட்டு வேலை செய்கிற அம்மா தெற்கிலிருந்து நகரத்துக்குப் போகிறார். வேலை இருக்கும் இடத்தில் வீடு இருந்தால் போதாது, அந்த வீட்டுக்காரருக்கு ஏற்ற வேலையும் அங்கே இருக்க வேண்டும். 2021இல் சாதாரண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது இவர்களின் செலவைக் குறைத்தது. நேரத்தைக் குறைக்கவில்லை.

ஆரக்கால் இருக்கிறது, குறுக்குப் பாதை இல்லை

பயண நேரம் குறையாததற்கு வீடு பாதிக் காரணம் என்றால், பாதை மீதிக் காரணம். சென்னையின் புறநகர் ரயில்கள் செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என்று மூன்று திசைகளிலிருந்து நகரத்தின் வடகிழக்கு மூலைக்கு வருகின்றன. அம்பத்தூரில் குடியிருப்பவர் ஒரகடத்துக்கு ரயிலில் போக நினைத்தால் முதலில் சென்ட்ரல் வரை வந்து சுற்ற வேண்டும். யாரும் அப்படிப் போவதில்லை. பைக் எடுக்கிறார்கள், அல்லது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் போகும் கம்பெனி வண்டியில் ஏறுகிறார்கள். அரக்கோணத்தையும் செங்கல்பட்டையும் காஞ்சிபுரம் வழியாக இணைக்கும் ரயில் பாதை இருக்கத்தான் செய்கிறது. ஒற்றைப் பாதை, குறைவான ரயில்கள்.

குறுக்குப் பாதை போடுவது எவ்வளவு கடினம் என்பதற்குப் பறக்கும் ரயில் சாட்சி. 2007இல் அது வேளச்சேரி வரை வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு சுமார் 5 கி.மீ. மட்டுமே. அந்தத் துண்டு சேர்ந்தால் தெற்கு ரயில் பாதை, மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கும். நிலத் தகராறில் அது பத்தாண்டுக்கும் மேல் முடங்கிக் கிடந்தது.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் நான் அதிகம் நம்பிக்கை வைப்பது மாதவரம்–சோழிங்கநல்லூர் தடத்தின் மேல். சுமார் 45 கி.மீ. நீளம். பழைய மையத்தைத் தொடாமல் கோயம்பேடு, ஆலந்தூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகப் போகிறது. வேலை மையங்களையும் குடியிருப்புகளையும் ஓரமாகவே கோக்கும் தடம் அது. செய்திகளில் மற்ற தடங்களுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை, கிடைக்க வேண்டும்.

நெதர்லாந்தில் ராண்ட்ஸ்டாட் ஒரே பகுதியாக இயங்குவதற்கு நகரங்கள் அருகருகே இருப்பது மட்டும் காரணமில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து உட்ரெக்டுக்குப் பகலில் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். நாடு முழுக்க ஒரே அட்டையில் ரயில், டிராம், பேருந்து எல்லாம் ஏறலாம். சென்னையில் எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்கும் ஆணையத்துக்கான சட்டம் 2010இல் வந்தது, அது உருப்படியாக இயங்கத் தொடங்கப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் வசதி 2025இல்தான் வந்தது. கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது, பக்கத்திலேயே ரயில் தண்டவாளம் ஓடியும் அங்கே ரயில் நிலையம் இல்லை. மையம் முதலில், இணைப்பு அப்புறம் என்பதே இங்கே வழக்கமாகிவிட்டது.

கொங்குப் பகுதியில் இந்த வரிசையை மாற்ற இன்னும் வாய்ப்பு இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் ஏற்கெனவே ஒரே இரட்டை ரயில் பாதையில் இருக்கின்றன. பொள்ளாச்சிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் கிளைப் பாதைகள் இருக்கின்றன. அந்தப் பாதைகளில் அடிக்கடி ஓடும் குறுந்தூர ரயில்களும், நிலையங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளும் வேண்டும். நிலம் இன்னும் முழுதாகக் கட்டடமாகாத இப்போதே அவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும்.